ப்ளக்இன் மேல் பழி போடும் முன்

நம்பிக்கை: ஸ்மார்ட் வீட்டில் கதவைத் திறந்தும் விளக்கு எரியவில்லையா, ப்ளக்இன்தான் கெட்டிருக்கிறது.

உண்மை: கதவுக்கும் விளக்குக்கும் நடுவே செய்தி எத்தனை கை மாறுகிறது என்று பாருங்கள். ஹோம் அசிஸ்டன்ட்டும் ஜிக்பீ2எம்கியூடிடியும் ஓடும் வீடு என்று வைத்துக்கொள்வோம். கதவிலுள்ள சென்சார் அனுப்பும் சிக்னலை ராஸ்பெரி பையில் செருகிய யூஎஸ்பி டாங்கிள் வாங்குகிறது. ஜிக்பீ2எம்கியூடிடி அதைச் செய்தியாக்கி மாஸ்கிட்டோ ப்ரோக்கரிடம் கொடுக்கிறது. அங்கிருந்து ஹோம் அசிஸ்டன்ட் எடுத்து ஆட்டோமேஷனை ஓட்டுகிறது. இதில் எங்கே அறுந்தாலும் நம் கண்ணுக்குத் தெரிவது எரியாத விளக்கு மட்டும்தான்.

நடுவில் இருக்கும் ப்ரோக்கரில் முதலில் காதை வையுங்கள். ப்ரோக்கருக்கு வரும் செய்திகளைக் காட்டும் எம்கியூடிடி எக்ஸ்ப்ளோரரைத் திறந்துவைத்துக் கதவைத் திறந்து பாருங்கள். சென்சாரின் டாபிக்கில் ‘கான்டாக்ட்’ மதிப்பு ‘ட்ரூ’விலிருந்து ‘ஃபால்ஸ்’ ஆனால் சென்சார், டாங்கிள், ஜிக்பீ2எம்கியூடிடி மூன்றும் நிரபராதிகள். மாறவே இல்லையென்றால், இப்போதைக்கு ஹோம் அசிஸ்டன்ட் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: ‘ரீடெய்ன்’ போட்டிருந்தால் எக்ஸ்ப்ளோரரைத் திறந்ததுமே பழைய செய்தி ஒன்று வந்து நிற்கும். அதை நம்பாதீர்கள், கதவை அசைத்த பிறகு வருவதுதான் சாட்சி.

மறுபாதியையும் இதே இடத்திலிருந்து சோதிக்கலாம். கதவைத் தொடாமல், அதே டாபிக்கில் அதே செய்தியை நீங்களே கையால் அனுப்புங்கள். விளக்கு எரிந்தால் ஆட்டோமேஷனில் குறையில்லை.

நம்பிக்கை: அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகிவிடும்.

உண்மை: போவது நிரல் மட்டும்தான். சாதனங்களை ஆப்பிள் ஹோமில் சேர்க்கும் ஹோம்பிரிட்ஜில் கான்ஃபிக் கோப்பிலுள்ள அமைப்புகளும் சேமித்துவைத்த சாதனப் பட்டியலும் அப்படியே இருந்துவிட்டால், புதிதாக வந்த ப்ளக்இன் அதே தவறான வரியைத்தான் படிக்கும். அழிப்பதைவிட ஒதுக்கிவைப்பது மேல். ஹோம் அசிஸ்டன்ட்டை சேஃப் மோடில் மறுதொடக்கம் செய்தால் வெளியிலிருந்து சேர்த்த இன்டக்ரேஷன்களும் கார்டுகளும் ஏறாது. அப்போது கோளாறு மறைந்தால், தேட வேண்டிய பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

நம்பிக்கை: ஒரு ப்ளக்இன் விழுந்தால் எல்லாமே விழும்.

உண்மை: ஹோம்பிரிட்ஜில் ஒரு காலத்தில் இது மெய்தான், எல்லாம் ஒரே ப்ராசஸில் ஓடின. 1.3 பதிப்பில், தனி ப்ராசஸில் ஓடும் சைல்ட் பிரிட்ஜ் வந்தது. சந்தேகப்படும் ப்ளக்இனைத் தனி பிரிட்ஜில் போட்டால் அது விழும்போது அதன் சாதனங்கள் மட்டுமே ‘பதில் இல்லை’ என்று காட்டும். ஒவ்வொரு பிரிட்ஜையும் ஆப்பிள் ஹோம் ஆப்பில் தனித்தனியாகச் சேர்க்க வேண்டியிருப்பது எரிச்சல்தான், ஆனாலும் செய்யலாம்.

நம்பிக்கை: நேற்று அப்டேட் போட்டேன், இன்று ஓடவில்லை, ஆகவே அப்டேட்தான்.

உண்மை: அப்டேட்டோடு மறுதொடக்கமும் நடந்தது என்பதை மறந்துவிடுகிறோம். யூஎஸ்பியில் இரண்டு டாங்கிள்கள் இருந்தால், இயந்திரம் எழும்போது 0 என்ற எண்ணில் இருந்தது 1-க்குப் போய்விடலாம். பழைய எண்ணை அமைப்பில் எழுதியிருந்தால் ஜிக்பீ2எம்கியூடிடி தவறான கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். எண்ணுக்குப் பதில் டாங்கிளின் அடையாளப் பாதையை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மென்பொருள் எல்லாம் தேறியும் செய்தி விட்டுவிட்டு வந்தால், பக்கத்தில் யூஎஸ்பி 3.0 வட்டு ஏதும் செருகியிருக்கிறதா பாருங்கள். அதன் இரைச்சல் ஜிக்பீ பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழுகிறது. டாங்கிளை ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டித் தள்ளி வைத்துப் பாருங்கள்.