சேற்றில் சிக்காமல் கயாக்

கேள்வி: பட்டர்வொர்த் பக்கம் கயாக் ஓட்ட ஆசை. சேற்றில் மாட்டிக்கொள்வேனோ?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: ஆசை நல்லதுதான், நேரம் பார்த்து இறங்குங்கள். பெரி ஓடும் வழியையும் துறைமுகத்தையும் விட்டு வடக்கே போனால், தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை அலையாத்தியும் சேற்றுவெளியும்தான். இங்கே கடல் நாளுக்கு இருமுறை ஏறி வற்றும். அமாவாசை, பௌர்ணமியையொட்டி வற்றம் அதிகம். தண்ணீர் ஏறும்போதே கிளம்பி, உச்சம் தாண்டியதும் கரை திரும்புங்கள். தாமதித்தால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கி நடக்கவும் முடியாது, கால் புதையும்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும். உலகிலேயே அரிதாகிவிட்ட நார்ட்மன் பச்சைக்காலியும் இங்கே வருகிறது. கடல் ஏறும்போது பறவைகள் கூட்டமாக ஒதுங்கி நிற்கும், தயவுசெய்து நெருங்காதீர்கள். மேற்கே வானம் கறுத்தால் அன்று போகவே வேண்டாம். மிதவை உடுப்பு கட்டாயம்.