கூடுமா, குறையுமா? – விகிதசமன் கணக்கு

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் பலர், மூன்று எண்களைக் கண்டவுடன் பெருக்கி வகுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ஒன்று கூடினால் மற்றது கூடுமா, குறையுமா?

கைக்காசுக் கொழுந்தை எடுத்துக்கொள்வோம். 3 கிலோவுக்கு 150 ரூபாய் என்றால் 5 கிலோவுக்கு 250. கிலோ கூட, காசும் கூடுகிறது. இது நேர்விகிதசமன். நாட்சம்பளம் இப்படியல்ல, அரைப்பேர், முழுப்பேர் என்று அதற்கு வேறு கணக்கு.

அடுத்ததற்கு மட்டக்களப்புக்குப் போவோம். 1977 வன்செயலுக்குப் பிறகு கிழக்கில் குடியேறிய நம் சொந்தங்களும் உண்டே! வாவியின் மேற்குக் கரைக்குப் படுவான்கரை என்று பெயர், சூரியன் படும் பக்கம். வயல் நிறைந்த இடம். இப்போது வெட்டுக்கு மெஷின் வந்துவிட்டது. நாம் கணக்குக்காகக் கையால் வெட்டுவதாக வைப்போம்.

3 ஏக்கரை 10 பேர் 3 நாளில் வெட்டுகிறார்கள். 15 பேர் வந்தால்? ஆள் கூட, நாள் குறையும். 10 × 3 = 30 ஆள்நாள். 30 ÷ 15 = 2 நாள். இது நேர்மாறு விகிதசமன். பெருக்கினால் வரும் 30 மாறாது. (300 பேரை இறக்கினால் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் என்கும் கணக்கு. வயலில் கால் வைக்க இடம் இருக்காது!)

இங்கேதான் கூலியில் ஏமாறக் கூடாது. ஓராளுக்கு நாளைக்கு 2,000 ரூபாய் என்று பேச்சு. 10 பேர் 3 நாள் செய்தால் 60,000. 15 பேர் வந்து 2 நாளில் முடித்ததும், "ஒரு நாள் மிச்சமாச்சே, 40,000 போதும்" என்று ஒருவர் சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? 40,000 என்பது 10 பேரின் 2 நாள் கூலி. வேலை செய்தது 15 பேர். ஆள்நாள் அதே 30, கூலியும் அதே 60,000. தலைக்கு 6,000 கிடைத்தது 4,000 ஆகும், அது சரி. மொத்தம் ஒரு சதமும் குறையாது.

ஆள், நாள் இரண்டும் மாறினால்? வெட்டும் நிலம் இரண்டையும் பொறுத்தது. இதுதான் கூட்டு விகிதசமன். பயப்பட வேண்டாம், ஆள்நாளைப் பிடித்துக்கொண்டால் போதும். 30 ஆள்நாளுக்கு 3 ஏக்கர், அதாவது ஏக்கருக்கு 10. 8 பேர் 5 நாள் வெட்டினால் 40 ஆள்நாள். 4 ஏக்கர் முடியும்.

பிள்ளைகளுக்கு ஒன்று: 7 ஏக்கரை 5 நாளில் வெட்ட எத்தனை பேர் வேண்டும்? செய்து பார்த்த பிறகு விடையைப் பாருங்கள்.

விடை: 70 ÷ 5 = 14 பேர்.