24 வோல்ட் காட்டுது, லைட்டு எரியலை

நாமக்கல்லுக்கு லாரி பாடி கட்ட வரும் வண்டிகள் மர வேலை, வெல்டிங், பெயின்ட் எல்லாம் முடிந்து, கடைசியில் ஒயரிங் வேலைக்காக ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறை வாசலில் நிற்கும். அந்த ஊரில் பல வருடங்களாக ஒயர் பிடித்துப் பழகிய எலக்ட்ரீசியன் ஒருவரிடம் டிரைவர்கள் கொண்டுவரும் புகார்களில் பாதி ஒரே மாதிரி ஆரம்பிக்கும்: "மீட்டர் வச்சுப் பாத்தாச்சுங்க, 24 வோல்ட் வருதுங்க. லைட்டு மட்டும் எரியலீங்க."

அவர் பதிலும் மாறுவதில்லை. "பல்பைக் கழட்டிட்டுப் பாத்தீங்களா, மாட்டிட்டுப் பாத்தீங்களா?"

அவருடைய தொழில் முழுக்க அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதாவது, மீட்டர் தன் வழியாகக் கரண்ட்டை ஓடவே விடாது. ஒயருக்குள் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், கப்ளர் முள்ளில் பச்சை பூத்திருந்தாலும், மீட்டர் 24 வோல்ட் என்றுதான் சொல்லும். வால்வை மூடி வைத்த குழாயில் அழுத்தம் முழுசாக இருப்பதைப் போலத்தான். திறந்துவிட்டால்தான் தண்ணீர் வருகிறதா, சொட்டுகிறதா என்று தெரியும். ஒயரிங்கில் திறந்துவிடுவது என்றால் பல்பை எரியவிடுவது, ஹாரனை அடிப்பது, செல்ஃப் மோட்டாரைச் சுற்றவிடுவது. லோடு இல்லாமல் எடுத்த அளவை அவர் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

அதனால்தான் அவர் கையில் முதலில் ஏறுவது மீட்டர் அல்ல, டெஸ்ட் லேம்ப். ஒரு பல்பு ஹோல்டர், இரண்டு ஒயர், ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி. சில ரூபாயில் தானே செய்துகொள்ளலாம். 24 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். சீக்குப் பிடித்த ஒயர் அந்தப் பாரத்தைத் தாங்காமல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். மீட்டர் வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தில், எங்கே எவ்வளவு தொலைகிறது என்று கணக்குப் பார்க்க.

ஒரு பின்பக்க விளக்கை அவர் பார்த்த விதம் இது. புதுசாகப் பாடி கட்டிய டிப்பர். பிரேக்கை மிதித்தால் இடப்பக்கப் பிரேக் லைட் சரியாக எரியவில்லை. பல்பின் கம்பி மட்டும் லேசாகச் சிவக்கிறது. பார்க் லைட் சுவிட்ச்சைப் போடாதபோதும் பிரேக் மிதிக்கும்போதெல்லாம் நம்பர் பிளேட் விளக்கும், டாஷ்போர்டு விளக்கும் மினுங்குகின்றன. பட்டறைப் பையன் பல்பை மாற்றிப் பார்த்துவிட்டான், பிரேக் சுவிட்ச்சையும் மாற்றிவிட்டான். அவர் பல்பை அதன் இடத்திலேயே விட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். பல்பின் பிளஸ் முனைக்கும் சேஸிக்கும் இடையே மீட்டர் வைத்தார்: 24. பிளஸ் பக்கம் கோளாறு இல்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது. அடுத்து கறுப்பு முள்ளைச் சுரண்டிய சேஸி இரும்பிலும் சிவப்பு முள்ளை ஹோல்டரின் ஓட்டிலும் வைத்தார். அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு இருந்தால் மன்னிக்கலாம். காட்டியது 19.

அந்த 19 வோல்ட் எர்த் பாதையில் செத்துப்போக, பல்புக்குக் கிடைத்தது 5 வோல்ட்தான். ஹோல்டரின் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்து போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால், லக்குக்கு அடியில் பளபளவென்று பெயின்ட். பாடிக்குப் பெயின்ட் அடித்த பிறகு அதன்மேலேயே எர்த்தை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினார். கிரீஸை முதலில் தடவிவிட்டு இறுக்குவது அவருக்குப் பிடிக்காது.

டாஷ்போர்டு விளக்கு ஏன் மினுங்கியது? பின் விளக்கில் இருப்பது 21/5 வாட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு கம்பி, இரண்டுக்கும் எர்த் ஒன்றே. எர்த் அடைபட்டதும் பிரேக் கம்பி வழியாக வந்த கரண்ட், பார்க் கம்பிக்குள் தலைகீழாக நுழைந்து, பார்க் லைட் ஒயரைப் பிடித்து, நல்ல எர்த் உள்ள மற்ற விளக்குகள் வழியாக வெளியே போகிறது. ஒரு சுவிட்ச்சைப் போட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று மினுங்குகிறது என்றால் அவர் வேறெங்கும் தேடுவதில்லை. நேராக எர்த்துக்குத்தான் போவார். பல்பையும் சுவிட்ச்சையும் மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஓமில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கார் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேபிளிலோ டெர்மினலிலோ 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும்; செல்ஃப் முக்கும். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் அந்த 0.01 தெரியவே தெரியாது, மீட்டர் ஒயரின் தடையே அதைவிட அதிகம். ஆனால் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் ஒரே நொடியில் மாட்டிக்கொள்ளும். முள்ளைக் கிளாம்ப்பில் வைக்காமல் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். வெள்ளையாகப் பூத்த உப்பு இருப்பது அந்த இரண்டுக்கும் நடுவில்.

ஹெட்லைட் மங்கல் என்று வருகிறவர்களுக்கும் இதே வைத்தியம்தான். ஃபிலமென்ட் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் குறையும். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர். இரண்டும் சேர்ந்து 10. அவ்வளவு கரண்ட்டும் டிம்-பிரைட் சுவிட்ச் வழியாகவே ஓடும் பழைய வண்டிகளில் கான்டாக்ட் கருகி, வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துபோகும். பெரிய வாட் பல்பு வாங்கிப் போட்டால் சுவிட்ச் உருகுவதுதான் மிச்சம். பழைய பல்பையே வைத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே வழியாகத் தடித்த ஒயர் இழுத்தால் வெளிச்சம் தானாக வரும். ரிலேயின் முனை எண்கள் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்தில் வந்தவை: 30 பேட்டரி, 87 விளக்குக்குப் போவது, 85-உம் 86-உம் சுவிட்ச் இயக்கும் காயில். ரிலே மேல் சந்தேகம் வந்தால், அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயைப் பிடுங்கி மாட்டிப் பார்த்தால் முடிந்தது.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கும் வண்டி இன்னொரு ரகம். 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் போகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைப் போடுவதும், கம்பியைச் சுற்றுவதும் எல்லா ஊரிலும் நடக்கிறது. அதற்குப் பிறகு ஒயரே ஃபியூஸாகிவிடும், சேர்த்துக் கட்டிய பக்கத்து ஒயர்களோடு. ஷார்ட்டைத் தேட ஃபியூஸ் பெட்டியையே காலி பண்ண வேண்டியதில்லை. போன ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பைச் சீரியலாக மாட்டுவார். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும். 24 வோல்ட் வண்டியில் ஓடும் கரண்ட் ஒரு ஆம்பியருக்குள்தான், எதுவும் கருகாது. இனி ஒவ்வொரு கப்ளராகக் கழற்றிக்கொண்டும், ஒயர் கட்டை அங்கங்கே பிடித்து அசைத்துக்கொண்டும் போக வேண்டியதுதான். எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ, மங்குகிறதோ, அங்கே கோளாறு. லாரியில் பெரும்பாலும் அது சேஸி துளைக்குள் ஒயர் நுழையும் இடமாக இருக்கும். ரப்பர் கிராமெட் விழுந்துபோய், இரும்பு விளிம்பு தோலை அறுத்திருக்கும். வீட்டு வாசலில் நிற்கும் கார் என்றால் எலி.

நிறுத்தி வைத்த வண்டியில் பேட்டரி இறங்கிவிடுகிறது என்பது கார்காரர்களின் புகார். நன்றாகச் சார்ஜான 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருந்தால் ஆல்டர்னேட்டரைக் குறை சொல்ல முடியாது. பிறகுதான் கள்ளத்தனமாகக் கரண்ட் குடிப்பது எது என்ற தேடல். மைனஸ் கேபிளைக் கழற்றி நடுவில் ஆம்பியர் மீட்டரை வைத்தால், 50 மில்லி ஆம்பியர்வரை வழக்கமானது. 0.3 ஆம்பியர் காட்டினால், ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. அவசரப்பட்டு முதல் நிமிடத்து அளவை நம்பக் கூடாது என்பார் அவர். இப்போதைய கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் தூங்கப்போகவே 20, 30 நிமிடம் எடுக்கும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் தூங்கிய பெட்டியும் எழுந்துகொள்ளும். அதற்குப் பதில் ஃபியூஸைப் பிடுங்காமலே, அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மில்லிவோல்ட்டில் முள்ளை வைத்துக்கொண்டு வரிசையாகப் போகிறார். பூஜ்யம் என்றால் அந்த வழியில் கரண்ட் இல்லை. ஏதோ ஒரு ஃபியூஸில் எண் துடித்தால் அந்த லைனைத் துருவ வேண்டும்.

ஆம்பியர் பார்த்து முடித்ததும் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்கச் சொல்கிறார். மறந்துபோய் அப்படியே பேட்டரியின் இரண்டு கம்பத்திலும் வைத்தால் நேரடி ஷார்ட்.

டெஸ்ட் லேம்ப்புக்கும் எல்லை உண்டு. மஞ்சள் கப்ளர்கள் ஏர்பேக் லைன், அதில் எதையும் குத்தக் கூடாது. சென்சார் லைன்கள் 5 வோல்ட்டில் ஓடுபவை; லேம்ப் இழுக்கும் கரண்ட் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மையே பாழாக்கிவிடும், அங்கே மல்டிமீட்டர் மட்டும்தான். ஆரஞ்சு நிறக் கேபிள் கண்ணில் பட்டால் அது ஹைப்ரிட் அல்லது மின்சார வண்டி. அதற்கென்று பயிற்சி இல்லாதவர் கிட்டேயே போக வேண்டாம்.

லாரிக்கே உரிய ஒரு வம்பு இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குக் கோபமே வந்துவிடும். 24 வோல்ட் என்பது 12 வோல்ட் பேட்டரி இரண்டைச் சீரியலாகக் கட்டியது. டிரைவருக்குப் பாட்டுக் கேட்க வேண்டும், செட்டோ 12 வோல்ட். ஒரு பேட்டரியில் மட்டும் பிளஸ் மைனஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இரவெல்லாம் பாட்டு ஓடி அந்த ஒரு பேட்டரி இறங்கும். காலையில் ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் ஒரே கரண்ட்டைத்தான் அனுப்பும், சீரியல் ஆயிற்றே. இறங்கினது நிறைவதற்குள், ஏற்கெனவே நிறைந்திருந்தது கொதித்துத் தண்ணீரை இழக்கும். கொஞ்ச காலத்தில் ஒன்று சார்ஜ் ஏறாமலே சாகும், மற்றது ஏறி ஏறிச் சாகும். இரண்டையும் சேர்த்து அளந்தால் 25 வோல்ட் காட்டி ஏமாற்றும். தனித்தனியே அளந்தால் ஒன்று 11.8, மற்றது 13.2 என்று பல்லிளிக்கும்.

"பேட்டரி கம்பெனி மோசம்ங்கறாங்க," என்று சொல்லிக்கொண்டே அவர் அந்த ஒயரை வெட்டிவிட்டு, 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்டுவதற்கு எடுக்கிறார், ஃபியூஸோடு. அப்படியே டிரைவரிடம் இன்னொன்றும் கேட்டு வைக்கிறார்: பாடியில் இனி வெல்டிங் ஏதாவது பாக்கி இருக்கிறதா? இருந்தால் வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரியின் மைனஸை முதலில், பிளஸை அடுத்துக் கழற்ற வேண்டும், ஈசிஎம் கப்ளரையும் எடுத்துவிட வேண்டும், வெல்டிங் எர்த் கிளாம்ப்பைப் பற்ற வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கடிக்கவிட வேண்டும். திரும்ப மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

"கேட்டு கீல் ஒண்ணு பாக்கி இருக்குதுங்க," என்றார் டிரைவர்.

"அப்ப அதை வச்சு முடிச்சுட்டு வாங்க. அப்புறமா மாட்டறேன்."