வீட்டில் விளக்கும் பூனையும்: மூத்தோர் அறிய வேண்டியவை

அந்தி நேரத்தில் சாமி மேடையில் விளக்கேற்றுவதும், மாதா படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றுவதும் நம் வீடுகளின் வழக்கம். எலித் தொல்லைக்குப் பூனை வளர்ப்பதும் தோட்டத்துப் பழக்கமே. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொல்லிப் பழகிய பெஸ்தாரி ஜெயா என எங்கு வாழ்ந்தாலும், இவை இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் சற்றுக் கூடுதல் கவனம் தேவை.

பூனை நெருப்பின் பக்கம் போகாதா?

போகாது என்று நம்பிவிட வேண்டாம். ஆடும் சுடரைக் கண்டால், அசையும் பூச்சியைத் தட்டுவதுபோல் பூனை காலால் தட்டிப் பார்க்கும். நெய்யின் வாசனை அதை விளக்கருகே இழுக்கும். வாலில் முடி அடர்ந்திருப்பதால் சூடு உடனே உறைக்காது; வால் சுடரில் பட்டபின் மிரண்டு ஓடும், விளக்கும் சாயும். விளக்கை உயரத்தில் வைத்தால் மட்டும் போதாது. நன்கு வளர்ந்த பூனை நான்கைந்து அடி உயரத்தை ஒரே தாவலில் எட்டிவிடும்.

சாய்ந்த விளக்கின் எண்ணெய் துணியிலும் தாளிலும் ஊறினால், அவையே திரியாகிவிடும். பழைய பலகை வீடுகளிலும் வரிசை வீடுகளிலும் தீ அடுத்த வீட்டுக்குப் பரவ அதிக நேரம் ஆகாது.

விளக்கேற்றும்போது

1. சுடர் எரியும் வரை நீங்களும் அதே அறையில் இருங்கள். மருந்து சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில் விளக்கேற்ற வேண்டாம்.
2. அடி அகன்ற, கனமான விளக்கைத் தேர்ந்தெடுத்து, பித்தளை அல்லது எவர்சில்வர் தாம்பாளத்தில் வையுங்கள். அகல் விளக்குக்கும் மெழுகுவர்த்திக்கும் கண்ணாடிக் கூண்டு நல்லது.
3. திரைச்சீலை, காகிதப் பூமாலை, பழைய நாட்காட்டி ஆகியவை சுடருக்கு அருகிலோ மேலேயோ இருக்கக் கூடாது.
4. பூனையை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். அப்படிக் கதவு இல்லாவிட்டால், விளக்கேற்றும் நேரத்தில் அதற்கு வெளியே சோறு வையுங்கள்.
5. பூசை முடிந்ததும் விளக்கைக் குளிர வையுங்கள். இது அபசகுனம் அல்ல. மலையேற்றுவது என்று நம் பெரியவர்கள் செய்து வந்ததுதான். ஒரு சிறு குச்சியால் திரியை எண்ணெய்க்குள் இழுத்தால் போதும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. இரவு முழுவதும் வெளிச்சம் வேண்டுமென்றால், சாமி மேடைக்குச் சிறிய மின்விளக்கைப் பொருத்துங்கள்.

தீபாவளியும் கார்த்திகைத் தீபமும் மழை மிகுந்த மாதங்களில் வருகின்றன. வாசலில் அகல் வரிசையாக எரியும். நனைந்த பூனை வீட்டுக்குள் ஓடிவரும். அந்த நாள்களில் விளக்குகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமியுங்கள். இடி மழையில் மின்சாரம் போனால் மெழுகுவர்த்தியைத் தேட வேண்டாம். கட்டில் அருகே ஒரு கைவிளக்கும் மாற்று பேட்டரியும் எப்போதும் இருக்கட்டும்.

தீப்பிடித்தால்

முதலில் நீங்கள் வெளியேறுங்கள். கதவைத் திறந்து வைத்தால் பூனை தானே தப்பிவிடக்கூடும். அதைத் தேடி உள்ளே திரும்பாதீர்கள். அக்கம்பக்கத்தாரை எழுப்புங்கள். 999-ஐ அழைத்துப் போம்பா வேண்டும் என்று கேட்டு, வீட்டு எண்ணையும் தோட்டம் அல்லது தாமானின் பெயரையும் சொல்லுங்கள். பூனை உள்ளே இருந்தால் தீயணைப்பு வீரர்களிடம் தெரிவியுங்கள்.

சேலையிலோ கைலியிலோ தீப்பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் தீ பெருகும். தரையில் படுத்து உருளுங்கள். அருகில் இருப்பவர் கனமான பருத்திப் போர்வையால் மூடி அணைக்கலாம்.

சுட்டுக்கொண்டால்

காயத்தின் மேல் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பற்பசை, கிச்சாப், எண்ணெய், மஞ்சள், ஐஸ் எதையும் வைக்காதீர்கள். இவை காயத்தை மோசமாக்கலாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிய காயம், முகம், கை, கால், மூட்டு ஆகிய இடங்களில் பட்ட காயம், கொப்புளம் கண்ட காயம் எதுவானாலும் உடனே கிளினிக்குக்கோ மருத்துவமனைக்கோ செல்லுங்கள்.

இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. நாளடைவில் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடலாம். சிந்திய சுடு எண்ணெயை மிதித்தாலும் வலி தெரியாது. புண் ஆறவும் நாளாகும். வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல், சிறு காயமானாலும் அன்றே காட்டுங்கள்.

பூனைக்குச் சுட்டால் அதற்கும் குளிர்ந்த நீர்தான் முதல் உதவி. மனிதர்களுக்கான களிம்பைத் தடவாதீர்கள். அது நக்கி விழுங்கிவிடும். கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இன்று மாலை விளக்கேற்றும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: பூனை எங்கே? விளக்கைச் சுற்றி எரியக்கூடியது என்ன? குளிர வைக்கும் வரை அருகில் இருக்கப்போவது யார்? மூன்றுக்கும் பதில் தெரிந்தபின் விளக்கேற்றுங்கள்.