லிட்டில் இந்தியாவிலிருந்து அமெரிக்க வரலாறு: இணையத்தில் தேடும் முறை

சனிக்கிழமை காலைகளில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில், இடைநிலைப்பள்ளி மாணவர் அறுவருக்கு நான் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். அனைவரும் என்னைப் போலத் தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசியப் பள்ளிக்குச் சென்றவர்கள். அவர்களில் ஒருவனுக்கு அமெரிக்க விடுதலைப் போரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டிய பணி வந்தது. “அண்ணா, அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? வேற தலைப்பு கேட்கட்டுமா?” என்றான். மலாய் சரளமாக வராததால் பின்வரிசையில் வாய் திறக்காமல் அமர்ந்திருந்த என் முதலாம் படிவ நாள்கள் நினைவுக்கு வந்தன. “கேட்காதே, தேடிப் பார்ப்போம்” என்றேன்.

அன்றிரவு தேடுபொறியில் தட்டியதும் பக்கங்கள் கொட்டின. பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் வீசப்பட்ட தேயிலை இந்தியாவிலிருந்து போனது என்று ஒரு பக்கம் சொன்னது. நமக்கு ஏற்ற செய்தியாயிற்றே என்று மகிழ்ந்து குறிப்பெடுத்துக்கொண்டேன். மறுநாள் சரிபார்த்தபோது அது தவறு என்று தெரிந்தது. 1773 டிசம்பர் 16 அன்று வீசப்பட்ட 342 பெட்டிகளிலும் இருந்தது சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை இலண்டனுக்குச் சென்றதே 1830களின் இறுதியில்தான். அந்தப் பையன் என் குறிப்பை நம்பி வகுப்பில் பேசியிருந்தால், அதன்பின் அவன் எழுந்து நின்று பேசியிருப்பானா?

அந்தத் தவறு எனக்குக் கற்பித்த முதல் பாடம் இது: யாரோ எழுதிய சுருக்கத்தை விட்டு மூல ஆவணத்திற்குச் செல்ல வேண்டும். அதற்கு நான் நாடும் இடங்கள் மூன்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் படங்களும் வரைபடங்களும் ஆசிரியர்களுக்கெனத் தலைப்புவாரியாகத் தொகுக்கப்பட்டுள்ளன. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் 1776ஆம் ஆண்டு விடுதலைப் பிரகடனத்தின் முழு வாசகம் உள்ளது. யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் அவலான் திட்டத்தில் ஒப்பந்தங்களும் சட்டங்களும் கிடைக்கின்றன. மூன்றும் இலவசம். யேல் என்ற பெயரும் நமக்கு அந்நியமன்று. 1718இல் அக்கல்லூரிக்கு நூல்களும் சரக்குகளும் அனுப்பிய எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர்.

இரண்டாவது பாடம், மாணவனுக்குத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவது. பாஸ்டனில் வீசப்பட்ட தேயிலை கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அதே கம்பெனிக்காகத்தான் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டு 11 அன்று பினாங்கில் கொடியேற்றினார். அமெரிக்கர்கள் தங்கள் பிரகடனத்தில் 27 குற்றச்சாட்டுகளை அடுக்கியது மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மீது. நம் ஜார்ஜ்டவுன் அம்மன்னரின் பெயரைத் தாங்கியது. 1781இல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு. ஐந்தே ஆண்டுகளில் அவர் இந்தியாவில் தலைமை ஆளுநரானார். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய கோட்டைக்கு அவர் பெயர்தான். அமெரிக்காவை இழந்த பேரரசு கிழக்கே காலூன்றிய கதையில் நம் தெருக்களும் அடங்கும்.

மூன்றாவது பாடம் மொழி பற்றியது. இந்த ஆவணங்கள் பழைய ஆங்கிலத்தில் உள்ளன. முழுவதையும் கொடுத்தால் மாணவர்கள் மிரண்டு போவார்கள். ஒரு பத்தியை மட்டும் அச்செடுத்து, வரி, சம்மதம், சரணடைவு போன்ற பத்துச் சொற்களுக்குத் தமிழிலும் மலாயிலும் பொருள் எழுதிக் கொடுக்கிறேன். பின் மூன்று கேள்விகள்: எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எதைச் சொல்லாமல் விட்டார்? மூன்றாவது கேள்வியில்தான் விவாதம் சூடுபிடிக்கும். எல்லா மனிதரும் சமம் என்று அறிவித்த அந்நாட்டில் அடிமை முறை 1865 வரை நீடித்ததை மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

அந்தப் பையன் தலைப்பை மாற்றவில்லை. பேச்சுக்கு முந்திய சனிக்கிழமை அறுவரையும் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். வாசலில் பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு, “அண்ணா, இங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்” என்றான். அப்படியே தொடங்கிப் பேசி முடித்ததாக அடுத்த வாரம் வந்து சொன்னான்.

தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் பாடம் சொல்லும் நண்பர்களே, இணையத்தில் ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைச் சரிபார்த்து, நம் பிள்ளைகளின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்க ஆள்தான் தேவை.