வாங்கிக்கொண்டே திட்டலாமா?

கேள்வி: மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு அரசு தந்த 6,000 ரூபாயை வாங்கிக்கொண்டே அரசைத் திட்டியவர்கள் நன்றி கெட்டவர்கள்தானே? – வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: இல்லை. 2023 டிசம்பரில் ரேஷன் கடையில் தந்த அந்த ரொக்கம் வரிப்பணம். யாருடைய சொந்தப் பணமுமல்ல. படகோடு வந்து தூக்கிச்சென்ற மீனவருக்கு நன்றி சொல்வோம். தூர்வாராத கால்வாய்க்கு எதற்கு நன்றி? தண்ணீர் எங்கே தேங்கியது என்று அதிகாரிகளுக்குச் சொல்வதே இந்தத் திட்டுதான். எனக்கு உறுத்துவது வாய் திறக்காதவர்கள். உங்கள் ஊர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைபார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிக்கு இங்கே ரேஷன் அட்டை ஏது? முணுமுணுத்தால் வேலை போகுமோ என்ற பயம் வேறு. திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அடுத்த மழைக்குள் அவர்களுக்கும் சேர்த்து ஒரு மனு எழுதிக் கொடுங்களேன்!