சுடலையைப் பற்றிய சில நம்பிக்கைகள்

மரணம் நேர்ந்த வீட்டில் ஆராய்ச்சிக்கு அவகாசம் இருப்பதில்லை. கண்ணீர் காய்வதற்குள் நடந்தேற வேண்டிய காரியமாகையால், மூத்தோர் வாயால் கேட்டதையும் அண்டை வீட்டார் செய்யக் கண்டதையும் அப்படியே பின்பற்றிவிடுகிறோம். அவையே நாளடைவில் சாஸ்திரத்தின் கட்டளைகள்போல் மனத்தில் வேரூன்றிவிடுகின்றன. அவற்றுள், மண்ணுக்கும் காற்றுக்கும் கேடு பயக்கும் சிலவற்றையாவது அமைதியான ஒரு நாளில் பரிசீலித்து வைப்பது நலம்.

விறகை மலைபோல் அடுக்கி எரிப்பது ஒன்றே நம் முன்னோர் வகுத்த நெறி என்பது முதல் நம்பிக்கை. மணிமேகலைக் காவியம் காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டை வருணிக்கும்போது, எரித்தலோடு வெட்டவெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழியில் கவித்தல் முதலாக ஐந்து முறைகளைச் சொல்கிறது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழிகள் அதற்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. வீரசைவர்கள் இன்றளவும் புதைக்கிறார்கள். துறவிகளையும் சிறு குழந்தைகளையும் எரியூட்டும் வழக்கம் பொதுவாக இல்லை. இராமலிங்க அடிகளோ, எவரையும் சுடலாகாது, சமாதியில் வைப்பதே தகும் என்று வற்புறுத்தியவர்.

எரிப்பதிலேயும் நம் கிராமத்தார் கையாண்ட சிக்கனம் வியக்கத்தக்கது. திறந்த சிதையில் வெப்பத்தின் பெரும்பகுதி வானத்தை நோக்கிப் போய்விடுவதால், ஓர் உடலுக்கு 400, 500 கிலோ விறகுகூடச் செலவாகிறது. மூட்டம் போடுகிறவரோ, சிறிதளவு விறகின்மேலும் வறட்டியின்மேலும் சரீரத்தைக் கிடத்தி, மேலும் வறட்டி அடுக்கி, வைக்கோல் பரப்பி, புகை போகச் சில துவாரங்கள் மட்டும் விட்டுச் சேற்றால் மெழுகிவிடுகிறார். செங்கற்சூளையில்போல வெப்பம் உள்ளேயே தங்கி, இரவெல்லாம் நிதானமாக வேலை செய்கிறது. டில்லியின் மோட்சதா என்னும் அமைப்பு, உயர்த்திய மேடையும் புகைக்கூண்டும் கொண்டு, விறகை 150, 200 கிலோவாகக் குறைத்திருப்பதும், வெப்பத்தைச் சிதறவிடாமல் காத்தல் என்ற இதே தத்துவத்தால்தான். பெயர் தெரியாத மயானத் தொழிலாளர் பலர் தலைமுறைகளாகக் கையாண்டு வந்த இந்த வித்தையை நாம் மதிக்கத் தவறியது பெருங்குறையே.

மின் மயானத்தில் மாசே இல்லை என்பதும் முழு உண்மையன்று. மரம் மிச்சமாகிறது, மயானத்தைச் சூழ்ந்து வாழ்வோர் புகையினின்று தப்புகிறார்கள். ஆயினும் உலையை எண்ணூறு பாகைக்கு மேல் சூடேற்றும் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஓர் உடலுக்காக உலையைக் குளிர்நிலையிலிருந்து கிளப்புவதைவிட, சூடான உலையில் அடுத்தடுத்துத் தகனம் செய்வதே சிக்கனம். எனவே, திறந்த சிதையைக் காட்டிலும் மேலானது, ஆனால் குற்றமற்றதன்று என்பதே என் அபிப்பிராயம்.

பிணம் கிடந்தால் ஊரில் நோய் பரவும் என்னும் அச்சம் 2004 ஆழிப்பேரலையின்போது நாகைக் கடற்கரையில் எத்தனையோ உடல்களை, இன்னார் என்று அடையாளம் காணுமுன்பே பெருங்குழிகளில் இடச் செய்தது. இயற்கைச் சீற்றத்தில் மாண்டோரின் உடல்களால் கொள்ளைநோய் உண்டாவதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. காலரா போன்ற தொற்றுகளால் மாண்டோர் விஷயத்தில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். நீர்நிலைக்கு எட்டத்தில், காற்றோட்டமுள்ள மேல்மண்ணில், பருத்தித் துணி சுற்றி அடக்கம் செய்த உடலை மண்ணுயிர்கள் தாமே பக்குவமாக உட்கொண்டுவிடுகின்றன. அதைத் தடுப்பவை நாம் கட்டும் சிமெண்ட் சமாதியும், மெருகிட்ட பெட்டியும், உடலில் ஏற்றும் ஃபார்மலினுமே. இங்கிலாந்தின் கார்லைல் நகர இடுகாட்டில் 1993 முதல், கல்லறைக்குப் பதிலாக மரம் நட்டு அடக்கம் செய்கிறார்கள்.

அஸ்தியை மரத்தடியில் கொட்டினால் மரம் செழிக்கும் என்பது இனிய நினைவு. ஆனால் எலும்புச் சாம்பலில் காரமும் உப்பும் மிகுதியாதலின், வேரில் குவித்தால் இளங்கன்று வாடும். நிறைய மண்ணோடும் தொழுவுரத்தோடும் கலந்து இட வேண்டும்.

மாற்றுமுறை தேடுவது மதத்தை அவமதிப்பதாகும் என்றும் சிலர் கருதுகிறார்கள். 2021 டிசம்பரில் காலமான தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, எளிய பைன் மரப்பெட்டியையே விரும்பினார். அவர் உடல் நெருப்பின்றி, காரம் கலந்த வெந்நீரால் கரைக்கப்பட்டு, எஞ்சியது அவருடைய தேவாலயத்திலேயே வைக்கப்பட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் மனித உடலை எருவாக்க 2019-இல் சட்டம் இயற்றியது. இவை நம் நாட்டுக்கு வரும்வரை காத்திருக்க அவசியமில்லை.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். எரிப்பதா, புதைப்பதா என்பதையும், நூல்புடவையோ வேட்டியோ போதும், பிளாஸ்டிக் மாலை வேண்டா, சிமெண்ட் வேண்டா என்பதையும், உடல் நலமாயிருக்கும் இப்போதே ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் மூத்த பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள்.